பெயிண்ட் பூத்துக்குப் பின்னால் ஒரு குழி

கோயமுத்தூர்க்காரன் தொழிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். பம்பு, மோட்டார், கிரைண்டர், ஃபவுண்டரி, மில் ஸ்பேர்ஸ்... எத்தனை ஹெச்பி, எத்தனை அடி தூக்கும், வைண்டிங் காப்பரா அலுமினியமா என்று விடிய விடியப் பேசலாம். ஆனா அந்த பம்புக்கு நீலக் கலர் பெயிண்ட் அடிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு குழி இருக்கும். அதைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஒறம்பரை வந்தா கம்பெனியைச் சுத்திக் காட்டுவாங்க, அந்த மூலைக்கு மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

இந்தப் பதிவு அந்தக் குழியைப் பத்தி. சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம் :)

நான் ஆணி பிடுங்குற இடமே பெயிண்ட் ஷாப் பக்கம்தான். குறிச்சி, மலுமிச்சம்பட்டி, கணபதி, அரசூர் என்று பல பட்டறைகளின் பூத் தண்ணியை முகர்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்றேன், நம்மூர்ல பாதிப் பேர் இந்தச் சமாச்சாரத்தைத் தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்காங்க.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஸ்ப்ரே கன்னில் இருந்து கிளம்புற பெயிண்ட் முழுசும் பொருள் மேல போய் உட்காராது. சாதாரண ஏர் கன்னா இருந்தா 30-40 சதம் ஒட்டினாலே நல்ல கைன்னு அர்த்தம். அதிலும் மோட்டார் பாடி மாதிரி விரல் விரலா ஃபின் இருக்கிற பொருள்னா கேட்கவே வேண்டாம். மீதியெல்லாம் பனி மாதிரி காத்துல பறக்கும். இதுக்குப் பேர்தான் ஓவர்ஸ்ப்ரே. இதை அப்படியே விட்டா பெயிண்டரோட நெஞ்சுக்குள்ள போகும், பக்கத்து பில்டிங் கார் மேல உட்காரும். அதனால பெயிண்டருக்கு எதிர்ல ஒரு தகரச் சுவர் வெச்சு, மேல இருந்து தண்ணியைத் திரை மாதிரி வழிய விடுறாங்க. பின்னால ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் காத்தை இழுக்கும். காத்தோட போற பெயிண்ட் துகள் தண்ணியில மாட்டிக்கும். தண்ணி கீழ தொட்டிக்கு வரும், பம்பு அதையே திரும்ப மேல ஏத்தும். அவ்வளவுதான் வாட்டர் கர்டன் பூத். (தின்னர் ஆவி இதில் மாட்டாது. சைலீன் தண்ணியில சரியா கரையாது, அது ஃபேன் வழியா வெளியே போயிடும். அது தனிக் கதை.)

இங்கதான் அந்தத் தலைகீழ் புரிதல். "தண்ணி பெயிண்டைப் புடிச்சிருச்சுங்க, பொல்யூஷன் முடிஞ்சுதுங்க" என்பார்கள் ஓனர்கள். எங்கே முடிந்தது? காத்துல இருந்த பெயிண்ட் தண்ணிக்கு இடம் மாறியிருக்கு. ஒரு கிராம் கூடக் குறையவில்லை. சொல்லப் போனா இப்பத்தான் எடை கூட ஆரம்பிக்குது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சுமாரான பட்டறை, நாளைக்கு 20 லிட்டர் எனாமல் அடிக்குதுன்னு வெச்சுக்குங்க. அதுல தின்னர் எல்லாம் பறந்தது போக கெட்டிச் சரக்கு மட்டும் 10 கிலோ தேறும். 40 சதம் பொருளில் ஒட்டினால் 6 கிலோ பறக்கும். அதில் ஒரு கிலோ ஹேங்கரிலும் தரையிலும் போகட்டும். மீதி 5 கிலோ தண்ணிக்குள்ள. மாசம் 25 நாளைக்கு 125 கிலோ. இது காஞ்ச கணக்கு. வாரி எடுக்கும்போது சேறில் மூணில் ஒரு பங்குதான் பெயிண்ட், மீதி தண்ணியும் நாம ஊத்தின கெமிக்கலும். அப்ப மாசத்துக்கு 375 கிலோ சேறு, வருஷத்துக்கு நாலரை டன். ஒரு பட்டறைக்கு! தெருவுக்கு எத்தனை பட்டறைன்னு நீங்களே எண்ணிக்குங்க.

சரி, அந்த 5 கிலோ தண்ணிக்குள்ள போய் என்ன பண்ணுது? சும்மா விட்டா அட்டகாசம் பண்ணும். எனாமல், பியூ மாதிரி தின்னர் கலந்த பெயிண்ட் எல்லாம் தண்ணியில பட்டதும் சூயிங்கம் ஆயிடும். தகரத்துல ஒட்டும், நாசில் துளையை அடைக்கும், பம்பு இம்பெல்லரைச் சுத்திக்கும். தண்ணித் திரை ஓட்டை ஓட்டையா கிழியும். அந்த ஓட்டை வழியாப் போற பெயிண்ட் ஃபேன் இறக்கையில படிஞ்சு, ஃபேன் இழுக்கிற சக்தி குறைஞ்சு, கடைசியில பனி திரும்பிப் பெயிண்டர் மூஞ்சிக்கே வரும். ரெண்டு பேக் பியூ அடிக்கிற இடமா இருந்தா அதுல ஹார்டனர் இருக்கு. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டு வரும், ஒரு தடவை ஒத்துக்காமப் போன உடம்புக்கு அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். ஆக பூத் தண்ணி கெட்டா முதல்ல அடி வாங்குறது கன் பிடிச்சு நிக்கிறவன்தான்.

இதைத் தடுக்கத்தான் பூத் கெமிக்கல். இதுல பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. ரெண்டு வேலை. முதல் வேலை, பெயிண்ட் துகளோட பிசுபிசுப்பைக் கொல்றது. பழைய காலத்துல காஸ்டிக்கும் துத்தநாக உப்பும் போட்டாங்க. களிமண் வகையில பென்டோனைட் போட்டாங்க, மாவு தடவின ஒப்பிட்டு உருண்டை மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அப்புறம் மெலமைன் ஃபார்மால்டிஹைடு பாலிமர்கள் வந்தன. ரெண்டாவது வேலை, பிசுபிசுப்பு போன துகள்களை ஒண்ணு சேர்த்துக் கட்டியாக்குறது. அதுக்கு ஒரு ஃப்ளாக்குலன்ட். சில சரக்கு மிதக்க வைக்கும், மேலால வாரிடலாம். சிலது அடியில உக்கார வைக்கும். தண்ணியோட பிஹெச் பொதுவா 8-9 வாக்கில் இருக்கணும், இல்லாட்டி பெரும்பாலான கெமிக்கல் வேலை செய்யாது.

நம்மாளு இதுல என்ன பண்ணுவார்? தொட்டி 2000 லிட்டர், அதனால இத்தனை லிட்டர் கெமிக்கல்னு திங்கட்கிழமை காலையில மொத்தமா ஊத்திட்டு சனிக்கிழமை வரைக்கும் மறந்துடுவார். தப்புங்க. கெமிக்கல் மோத வேண்டியது பெயிண்டோட. தொட்டி எவ்வளவு பெரிசுன்னு அதுக்குக் கவலையில்லை. இன்னிக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் அடிச்சீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி தினமும் போடணும். அதுவும் பெயிண்ட் விழறதுக்கு முன்னாடியே தண்ணியில கலந்து தயாரா இருக்கணும். அதனால பம்பு உறிஞ்சுற இடத்துக்கிட்ட சொட்டு சொட்டா விடணும். சின்ன டோசிங் பம்பு போதும், அது இல்லாட்டி மேலே ஒரு கேனைத் தொங்கவிட்டு டியூப் மாட்டினாலும் நடக்கும். தினமும் காலையில ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ரெண்டு சொட்டு பெயிண்ட் விட்டுக் கலக்கி, விரலால் (க்ளவுஸ் போட்டுத்தான் சாமீ) தேய்ச்சுப் பாருங்க. இழுத்தா கெமிக்கல் பத்தல. பொடிப்பொடியா உதிர்ந்தா சரி. இந்த அஞ்சு நிமிஷ வேலையைச் செய்யற பட்டறையை விரல் விட்டு எண்ணிடலாம்.

"வாட்டர் பேஸ் பெயிண்ட்டுக்கு மாறிட்டோங்க, எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுடையது இன்னும் வம்பு. அது தண்ணியில மிதக்கவும் செய்யாது, உருளவும் செய்யாது. பாலில் தண்ணி கலந்த மாதிரி அப்படியே கரைஞ்சு நிக்கும், நுரை கட்டும். கோயாகுலன்ட் போட்டு உடைச்சாத்தான் பிரியும். கண்ணுக்குச் சேறு தெரியலைங்கிறதால சேறு இல்லைன்னு ஆயிடாது.

இன்னொண்ணு நம்ம ஊருக்கே உள்ளது. குடிக்கறது சிறுவாணியா இருக்கலாம், பட்டறையில ஓடறது போர் தண்ணி. உப்பும் கடினமும் ஜாஸ்தி. பூத்ல தினமும் தண்ணி ஆவியாகும், நாம தினமும் உப்புத் தண்ணியா ஊத்தி நிரப்புவோம். ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். கொஞ்ச நாள்ல எந்தக் கெமிக்கலும் எடுபடாது. ஞாயித்துக்கிழமை லீவு விட்டா காத்துப் படாம அடிச் சேறு அழுகும், திங்கட்கிழமை காலையில அழுகின முட்டை நாத்தம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த வாசத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரேன்.

உப்பு ஏறி, நாத்தம் வந்து, நாசில் அடைச்ச பிறகு "தொட்டியைக் கழுவிடலாம்" என்று முடிவாகும். தண்ணியை எங்கே விடுவது? கேள்வியே தப்பு, நல்லா மழை பெய்யற ராத்திரியா பார்த்து விட்டுடுவாங்க. பட்டறைத் தெரு சாக்கடை, அங்கிருந்து பள்ளம், பள்ளத்துல இருந்து குளமோ நொய்யலோ. வெள்ளிங்கிரி மலையில பொறந்து வர்ற தண்ணி ஊருக்குள்ள நுழைஞ்சதும் வாங்கிக்கிற சீதனம் இது.

தண்ணி போன பிறகு அடியில ஒரு அடி, ஒண்ணரை அடி சேறு. அதை அள்ள ஒரு ஆள் குழிக்குள்ள இறங்கணும். இந்தப் பதிவு எழுதக் காரணமே இந்த ஆள்தான். கம்பெனி ஆள் இறங்க மாட்டார். காண்ட்ராக்ட்ல ஒரு பையன் வருவான், பெரும்பாலும் வடக்கத்திப் பையன், தமிழ் சரியா தெரியாது. கையில மம்முட்டி, வாயில ஒரு கர்ச்சீப். சேறை வெட்டி வெட்டிக் கிளறும்போது உள்ள மாட்டியிருந்த சைலீன் ஆவியும், நான் சொன்ன அந்த முட்டை வாசமும் மேல வரும். ரெண்டுமே காத்தை விட கனம், குழிக்குள்ளயே தேங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுல இன்னொரு கொடுமை, அளவு கூடினா மூக்கு மரத்துப் போகும். வாசம் போயிடுச்சுன்னு ஆள் நிம்மதியா வேலை பார்ப்பான். அந்த நேரம்தான் ஆபத்தே.

குழி, தொட்டி, அறை எதுக்குள்ள இறங்கறதா இருந்தாலும் ஆவி இல்லைன்னு தகுதியான ஆள் எழுதிக் கொடுக்கணும், இல்லாட்டி மூச்சுக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும், கயிறை வெளியே ஒருத்தர் பிடிச்சுட்டும் இருக்கணும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 36-வது பிரிவில் சொல்லியது. ஆனால் கரண்ட் வெச்சு வேலை செய்யற இடத்துல பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தியது. எட்டுப் பேர் வேலை செய்யற பட்டறைக் குழியில் இறங்குறவனுக்குச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கட்சி என்னன்னா, தினமும் சேறை மேலால வாரி எடுக்கிற பூத்ல எவனும் குழிக்குள்ள இறங்க வேண்டிய அவசியமே வராது. தினசரி கெமிக்கல் போடறதுக்குத் தண்ணி, பம்பு, ஃபினிஷிங்னு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, வாரியாச்சு. எங்கே கொண்டு போறது?

இங்கதான் எல்லா ஓனரும் மௌன விரதம். பெயிண்ட் சேறு ஆபத்தான கழிவு. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 21-வது வரிசையில் பெயிண்ட் உபயோகத்துல வர்ற சேறு என்று தெளிவாகவே இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி வாங்கணும், 90 நாளுக்கு மேல் வெச்சிருக்கக் கூடாது. வருஷத்துக்கு 10 டன்னுக்குள்ள வர்ற சின்ன ஆளுங்களுக்கு 180 நாள் வரைக்கும் வாரியம் நீட்டிக் கொடுக்கலாம். நம்ம நாலரை டன் பட்டறை இதுல வரும். அனுப்பும்போது பத்தாம் நம்பர் படிவம் கூடவே போகணும்.

அனுப்பறது எங்கே? குழி வெட்டிப் பத்திரமாப் புதைக்கிற பெரிய மையம் கும்மிடிப்பூண்டியில இருக்கு. சென்னையையும் தாண்டி! மாசம் 375 கிலோ சேறுக்கு எவன் லாரி பிடிச்சு ஐநூறு கிலோமீட்டருக்கு மேல அனுப்புவான்? சொல்லுங்க. அதனால என்ன நடக்குது? மூட்டை கட்டிக் காம்பவுண்ட் சுவரோரம் வெப்பாங்க. மழை பெய்யும். கரையும். ஒரு நாள் குப்பை வண்டியில கலந்து போகும், இல்லாட்டி காலி நிலத்துல தீ வைப்பாங்க. மஞ்சள், ஆரஞ்சு பெயிண்ட்ல குரோம் எல்லோ போட்டிருந்தா அது ஈய குரோமேட். வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாதுன்னு 2016-ல விதி போட்டு 2017 நவம்பர்ல இருந்து அமல் பண்ணினாங்க. அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயிண்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலைப் பெயிண்ட் அதுல வராது. குழந்தை சுவரை நக்கக் கூடாதுன்னு யோசிச்சவங்க, பட்டறைக்குப் பக்கத்து வாய்க்கால்ல ஆடு தண்ணி குடிக்குமேன்னு யோசிக்கல.

"அதெல்லாம் திருப்பூர்க்காரன் பிரச்சினைங்க, சாயத் தண்ணி. நம்முது கொஞ்சூண்டு" என்று ஒரு சமாதானம் உண்டு. திருப்பூர்க்காரரும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னார். ஒவ்வொரு சாயப்பட்டறையும் 'என்னுது கொஞ்சூண்டு' என்று விட்டதெல்லாம் சேர்ந்து, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல 1992-ல கட்டி முடிச்ச அணை சாயத் தொட்டியா மாறுச்சு. பாசனத்துக்குன்னு கட்டின அணையைத் திறக்காதீங்கன்னு கரூர் வரைக்கும் விவசாயிங்க கையெடுத்துக் கும்பிட்ட கூத்து உலகத்துல வேறெங்கயாவது நடந்திருக்குமான்னு தெரியல. ஆயக்கட்டு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2009 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட், 2011 ஜனவரி 28 சென்னை ஹைகோர்ட். எழுநூறுக்கும் மேல சாயப்பட்டறைகளுக்கு ஒரே நாள்ல பூட்டு. அன்னிக்கு வேலை போய் மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போன சனங்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

திருப்பூரை நான் குறை சொல்ல வரலை, சொல்லப் போனா அவுங்க நமக்கு அண்ணன். பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டி, தண்ணியைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கிற நிலைக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறமும் அவுங்களைத் துரத்துனது எது தெரியுமா? சேறு. தண்ணி சுத்தமாச்சு, அழுக்கு மூட்டை மூட்டையா ஷெட்டுக்குள்ள அடுக்கி நின்னுச்சு. அப்புறம்தான் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. தண்ணிக்கு வழி பண்றப்பவே சேறுக்கும் வழி பண்ணணும்னு அவுங்க காசு செலவழிச்சுக் கத்துக்கிட்ட பாடத்தை நாம ஓசியில எடுத்துக்கலாமே.

பெயிண்ட் சேறுக்கு சிமெண்ட் சூளை இன்னும் தோதான இடம். சாயச் சேறு மாதிரி இல்லாம இதுல ரெசின் இருக்கு, எரியும். நிலக்கரிக்குப் பதிலா கொஞ்சம் உதவும். சூளைக்குள்ள சரக்கு 1450 டிகிரி வரைக்கும் போகுது. சாம்பல் சிமெண்ட்லயே கலந்துடும், தனியா புதைக்க ஒண்ணும் மிச்சமில்லை. இதுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-லயும் 2017-லயும் வழிகாட்டுதல் போட்டிருக்கு. மதுக்கரையில சிமெண்ட் ஆலையை வெச்சுக்கிட்டு நாம கும்மிடிப்பூண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடறோம். எந்தச் சூளைக்கு அனுமதி, ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் முடிவு பண்ணணும், ஒப்புக்கறேன். ஆனா எந்த சிமெண்ட் ஆலையும் ஒரு பட்டறையோட 375 கிலோ மூட்டைக்குக் கேட்டைத் திறக்காது. லோடு வேணும். ஒரே மாதிரி ஈரமும் ஒரே மாதிரி சரக்கும் வேணும்.

அதனால நான் சொல்றது ரொம்பச் சாதாரணம். எஸ்டேட்டுக்கு ஒரு கூரை போட்ட களம். அடியில் கான்கிரீட், சுத்தி வரப்பு. வாரம் ஒரு வண்டி பட்டறை பட்டறையா வந்து பேரல்ல இருக்கிற சேறை எடுத்துட்டுப் போகட்டும். அங்க பிழிஞ்சு உலர்த்திக் கலந்து, லோடு சேர்ந்ததும் அனுப்பட்டும். அனுமதியும் படிவமும் ஒரே இடத்தில். கொடிசியாவோ சீமாவோ நினைச்சா முடியாதா? பம்பை டெஸ்ட் பண்ணத் தனித்தனியா லேப் கட்ட முடியாதுன்னு சிடார்க் மாதிரி பொதுவா ஒண்ணு வெச்சுக்கிட்ட ஊருதானே இது? பம்புக்குப் பொதுவா லேப் வைக்கத் தெரிஞ்சவனுக்குச் சேறுக்குப் பொதுவா களம் வைக்கத் தெரியாதா?

"பவுடர் கோட்டிங் போயிட்டா எல்லாம் முடிஞ்சுது" என்று ஒரு நண்பர் அடிக்கடி சொல்வார். போகலாம், போகிற இடத்துக்கெல்லாம் போகணும். சிந்தின பவுடரை அள்ளித் திரும்ப அடிக்கலாம், தண்ணியே வேண்டாம். ஆனா அதை வேக வைக்க 180-200 டிகிரி வேணும். பேரிங், கிரீஸ், ரப்பர் சீல், வைண்டிங் எல்லாம் மாட்டி அசெம்பிளி முடிஞ்ச மோட்டாரை அந்த அடுப்புல வெச்சா அப்புறம் அதை எடைக்குத்தான் போடணும். தனித்தனி பார்ட்டா பவுடர் அடிச்சாலும் கடைசியில கீறல் மறைக்க ஒரு கோட் எனாமல் அடிச்சாத்தான் கடைக்காரர் எடுப்பார். அதனால பூத் இன்னும் ரொம்ப வருஷம் இருக்கும். தண்ணியே இல்லாத ட்ரை ஃபில்டர் பூத்தும் இருக்கு. அதுல ஊறின ஃபில்டரும் இதே அபாயக் கழிவுதான், கூடவே தீப்பிடிக்கிற பயம் வேற. வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சிலதுல சுண்ணாம்புக்கல் பொடியில ஓவர்ஸ்ப்ரேவைப் பிடிச்சு அந்தப் பொடியையும் சிமெண்ட் ஆலைக்கே அனுப்பறாங்க. நமக்குக் கட்டுபடியாகுற மெஷின் இல்லை அது, ஆனா கடைசியில அவுங்களும் போய்ச் சேர்ற இடத்தைக் கவனிங்க.

நாளைக்கே காசில்லாம செய்யக்கூடியது ஒண்ணு உண்டு, கன். ஹெச்விஎல்பி கன் போட்டு, மூக்குல காத்து 10 பிஎஸ்ஐக்கு மேல போகாம அடிச்சா 65 சதம் வரைக்கும் ஒட்டும். (கன்னுக்குக் காசு ஆகும்தான், ஆனா மிச்சமாகுற பெயிண்ட்லயே அது வந்துடும்.) பறக்கிறது 60-ல இருந்து 35-க்கு இறங்கிடும், சேறு கிட்டத்தட்ட பாதி. பெயிண்டருங்க முதல்ல "சீக்கிரம் ஓடலீங்க, கை வலிக்குது" என்று முனகுவாங்க. ரெண்டு வாரம் விட்டுப் பிடிச்சா பழகிடும். கம்ப்ரசர் பிரஷரை ஏத்தி ஏத்தி அடிக்கிற பழைய கைகளை மாத்தறதுதான் கஷ்டம். அவங்ககிட்ட பொல்யூஷன் பேசி பிரயோஜனமில்லை, லிட்டருக்கு எத்தனை பம்பு வருதுன்னு எழுதிக் காட்டினா ஒத்துக்கறாங்க.

திருப்பூர்ப் பதிவர் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்க ஊர் சேறு மூட்டை சிமெண்ட் ஆலைக்குப் போன கதையை, டன்னுக்கு யார் யாருக்குக் காசு கொடுத்தாங்க, லாரி வாடகையை எப்படிப் பிரிச்சாங்க, எவன் முரண்டு பிடிச்சான் என்கிற விவரத்தோட யாராச்சும் எழுதுங்க. குறிச்சிப் பக்கம் ரெண்டு மூணு ஓனர்கள் காது கொடுத்துக் கேட்கத் தயாராக இருக்காங்க. அவுங்க கேட்ட முதல் கேள்வியே, "படிவத்துல யார் பேர் போடறதுங்க?" என்பதுதான். அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை.